பெனோனி, பென்யமீன்

எங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தின் கடைசியில் சில வெற்றுத் தாள்கள் உண்டு. குடும்பத்தின் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவற்றை அப்பா அவற்றில் குறித்துவந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஓர் இடத்தில் மட்டும் ஒரே வரிக்குள் இரண்டு செய்திகள் இருக்கும்: நான் பிறந்ததும் அம்மா இறந்ததும். இரண்டுக்கும் ஒரே தேதி. தேதியும் அம்மாவின் பெயரும் நீல மையில் இருக்க, என் பெயர் மட்டும் கறுப்பு மையில் இருக்கும். பெயருக்கென்று அப்பா விட்டிருந்த இடம் தேவைக்கு மிகவும் அதிகம். ‘பென்யமீன்’ என்ற ஐந்து எழுத்துகளும் ஓரமாக ஒதுங்கி நிற்க, மீதி இடம் வெறுமையாகக் கிடக்கும்.

பள்ளிச் சான்றிதழில் நான் பெஞ்சமின். ஆங்கிலத்தின் வழியாக வந்த உச்சரிப்பு. கோயில் பதிவேட்டில் பென்யமீன். தமிழ் வேதாகமத்தின் வழியாக வந்தது. என்னை வளர்த்த ஆச்சி இரண்டில் எதையும் சொல்லி அழைத்ததில்லை. அம்மாவைப் பெற்றவள் அவள். ‘ஏ மக்கா’ என்பதோடு சரி. அதற்கான காரணம் எனக்குப் பத்து வயதில் ஞாயிறு பள்ளியில் தெரிந்தது. ஆதியாகமத்தின் 35-ஆம் அதிகாரத்தைக் கதையாகச் சொல்லிக்கொண்டு வந்த ஆசிரியை, ராகேலின் மரணத்துக்கு வந்ததும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். என் பெயர் இரண்டாவதாக வைக்கப்பட்ட பெயர் என்பது அன்று எனக்குப் புரிந்தது. முதல் பெயரைத் தாய் வைத்தாள். தகப்பன் அதை மாற்றினான். சாகிறவளின் கடைசிச் சொல்லை அழித்துவிட்டு எழுதிய பெயரைத்தான் நான் சுமக்கிறேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அப்பாவின் மேல் சொல்லப்படாத ஒரு கோபமாக நெடுங்காலம் என்னுள் இருந்தது.

*

மூலக்கதை மிகச் சிறியது. யாக்கோபின் குடும்பம் பெத்தேலிலிருந்து புறப்பட்டு, பெத்லகேம் என்று பின்னர் அறியப்பட்ட எப்பிராத்தாவை நோக்கிப் போகிறது. ஊர் சேரச் சற்றுத் தொலைவு இருக்கையில் ராகேலுக்குப் பிரசவ வேதனை காண்கிறது, கடினமான பிரசவம். பயப்படாதே, இதுவும் ஆண்பிள்ளைதான் என்று மருத்துவச்சி தேற்றுகிறாள். உயிர் பிரியும் வேளையில் ராகேல் பிள்ளைக்குப் பெனோனி என்று பெயரிடுகிறாள். அவன் தகப்பனோ பென்யமீன் என்று பெயரிடுகிறான். ராகேல் இறக்கிறாள், வழியோரத்தில் அடக்கம் செய்யப்படுகிறாள், யாக்கோபு அங்கே ஒரு தூணை நிறுத்துகிறான். எல்லாம் ஐந்து வசனங்களில் முடிந்துவிடுகிறது. யாரும் அழுததாகக்கூட எழுதப்படவில்லை.

இந்தச் சுருக்கத்தின் கொடுமையை உணர ஐந்து அதிகாரங்கள் பின்னோக்கிப் போக வேண்டும். பிள்ளையில்லாத ராகேல், எனக்குப் பிள்ளை கொடு, இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்ற பொருளில் கணவனிடம் சண்டையிடுகிறாள். பின்னர் மூத்த மகன் பிறந்தபோது அவனுக்கு யோசேப்பு என்று பெயரிடுகிறாள். அந்தப் பெயருக்கு அவளே இரண்டு விளக்கங்கள் தருகிறாள். ஒன்று, ‘அசாப்’ என்ற வினையோடு ஒலியால் இணைவது: என் நிந்தையை நீக்கினார். மற்றது, ‘யசாப்’ என்ற வினையிலிருந்து வருவது: இன்னொரு மகனையும் கூட்டித் தருவாராக. ஒரு பெயருக்குள்ளேயே அடுத்த பிள்ளைக்கான விண்ணப்பத்தை வைத்தவள் அவள். மருத்துவச்சி சொன்ன தேறுதல் உண்மையில் அந்த விண்ணப்பம் நிறைவேறிய செய்தி. பிள்ளை இல்லாவிட்டால் சாவேன் என்றவள் பிள்ளை பெற்றதால் சாகிறாள். கதைசொல்லி இதைச் சுட்டிக்காட்டுவதில்லை. நாமே சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ராகேலின் வாய்ச்சொல்லை மிக அருகிலிருந்து கேட்டவள் மருத்துவச்சியே. பழங்காலப் பிரசவ அறையில் ஆணுக்கு இடமில்லை. அப்படியானால் பெனோனி என்ற பெயரை வெளியே கொண்டுவந்து தகப்பனிடம் சேர்த்தவளும் அந்தப் பெயரற்ற பெண்ணாகவே இருந்திருக்க வேண்டும்.

*

‘பென்’ என்றால் மகன். இதில் சிக்கல் இல்லை. ‘ஓனி’ என்பதுதான் சிக்கல். ‘ஓனி’யின் ஈற்றிலுள்ள ‘ஈ’ என்பது ‘என்’ என்னும் உடைமைப் பொருள் தரும் விகுதி. அதை நீக்கினால் எஞ்சுவது ‘ஓன்’. இந்த வடிவம் எபிரேயத்தில் நம் இலக்கணநூலார் சொல்லும் பலபொருள் ஒருசொல் போன்றது.

ஒரு வழியில் அது துயரம், துக்கம் என்னும் பொருளுடைய ‘ஆவென்’ என்ற சொல்லைச் சேர்ந்தது. உபாகமத்திலும் ஓசியாவிலும் துக்க காலத்து உணவைப் பற்றிய பேச்சில் இந்தச் சொல் வருகிறது. யூத மரபுச் சட்டத்தில், நெருங்கிய உறவினர் இறந்து இன்னும் அடக்கம் ஆகாத இடைவேளையில் இருப்பவரை ‘ஓனேன்’ என்பர். அந்த நேரத்தில் அவருக்கு வழக்கமான பல சமயக் கடமைகளிலிருந்து விலக்கு உண்டு. பென்யமீனுக்குப் பெயரிட்ட அந்தக் கணத்தை அடுத்து யாக்கோபு இருந்த நிலை அதுவே. துயரத்தின் மகன் என்ற பொருளையே பழைய மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்தார்கள். கிரேக்கச் செப்துவசிந்தா பெயரை ஒலிபெயர்க்காமலே ‘என் வேதனையின் மகன்’ என்று மொழிபெயர்த்துவிட்டது. ராகேலின் கல்லறை உள்ளதாக நம்பப்பட்ட அதே பெத்லகேமில் வாழ்ந்து, 420-இல் அங்கேயே இறந்த ஜெரோம் தம் லத்தீன் மொழிபெயர்ப்பில் பெயரையும் எழுதி, பக்கத்திலேயே பொருளையும் எழுதினார்.

இன்னொரு வழியில் ‘ஓன்’ என்பது வலிமை, உயிராற்றல், வீரியம். இதற்கும் சான்று தொலைவில் இல்லை. அதே ஆதியாகமத்தின் 49-ஆம் அதிகாரத்தில், மரணப் படுக்கையில் பிள்ளைகளை ஆசீர்வதிக்கும் யாக்கோபு, தலைமகன் ரூபனைத் தன் வலிமையின் முதற்பலன் என்கிறான். அங்கே வரும் சொல்லும் ‘ஓனி’தான். உயிர்க்குறியிட்ட பிரதியிலும் இரண்டிடத்தும் ஒரே எழுத்துகள், ஒரே உச்சரிப்பு. தாயின் வாயில் துயரமாக வந்த சொல் தகப்பனின் வாயில் வலிமையாக வருகிறது.

எபிரேய எழுத்துகளைக் கூட்டிப் படிக்கும் அளவுக்கே எனக்கு அம்மொழி தெரியும். இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பர் ஒருவர் இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டிய மாலையில், தமிழ் இலக்கியம் படித்தவன் என்ற முறையில் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு சொல்லின் இரு பொருளை வைத்து மாணவர்களுக்கு எத்தனை வகுப்புகள் எடுத்திருப்பேன்! என் சொந்தப் பெயருக்குப் பின்னால் அப்படி ஒன்று இருப்பதைப் பார்க்காமலே நாற்பது வயதைத் தொட்டிருந்தேன்.

*

பென்யமீன் என்ற பெயரிலும் பொருள் ஒன்றல்ல. ‘யாமீன்’ என்றால் வலக்கை, வலப்பக்கம். தமிழ் கிழக்கையும் மேற்கையும் நிலத்தின் தாழ்வையும் உயர்வையும் கொண்டு பெயரிட்டது. கீழ் கிழக்கு, மேல் மேற்கு. எபிரேயம் மனித உடலைக் கொண்டு திசைகளுக்குப் பெயரிட்டது. சூரியன் எழும் திசையைப் பார்த்து ஒருவன் நிற்கிறான். முன்னால் இருப்பது ‘கெதெம்’, கிழக்கு. பின்னால் இருப்பது மேற்கு. வலக்கைப் பக்கம் தெற்கு. இடக்கைப் பக்கம் வடக்கு. வடமொழியில் தட்சிணம் வலத்தையும் தெற்கையும் ஒருங்கே குறிப்பது இதே நிலையில் நின்று பார்ப்பதால்தான். அரபு மொழியின் ‘யமன்’ என்ற நாட்டுப் பெயரும் இந்த வேரைச் சேர்ந்ததாகவே பொதுவாகக் கருதப்படுகிறது.

ஆகவே பென்யமீன் என்பதற்குத் தெற்கின் மகன் என்றும் பொருள் கொள்ளலாம். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி (1040–1105) இதைத்தான் முதலில் சொல்கிறார். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் வடக்கே ஆராம் நாட்டில் பிறந்தவர்கள்; இவன் ஒருவனே அங்கிருந்து வருவோருக்குத் தெற்கே உள்ள கானானில் பிறந்தவன். அவரே வேறொரு விளக்கத்தையும் தருகிறார்: நாட்களின் மகன், அதாவது தகப்பனின் முதுமையில் பிறந்தவன். ‘யாமீம்’ என்றால் நாட்கள். சமாரியரின் ஐந்நூல் பிரதியில் இந்தப் பெயர் ஈற்றில் மகரம் பெற்றே காணப்படுகிறது. ஜெரோம் இதை மறுத்தார்: நாட்களைக் குறிக்கும் சொல் மகரத்தில் முடியும், வலத்தைக் குறிக்கும் சொல் னகரத்தில் முடியும், இரண்டையும் குழப்பக் கூடாது என்பது அவர் வாதம். ஓர் ஈற்றெழுத்துக்காக நூற்றாண்டுகளாகச் சண்டையிட்டிருக்கிறார்கள் என்று படித்தபோது, நம் உரையாசிரியர்களின் பாடபேதச் சண்டைகள் நினைவுக்கு வந்து, வீட்டுக்குள் இருப்பது போன்ற உணர்வு ஏற்பட்டது.

சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் உள்ள மாரி நகரத்தை 1933 முதல் அகழ்ந்தபோது, கி.மு. 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் இரண்டு பெரும் இனக்குழுக்களின் பெயர்கள் வருகின்றன. ஒன்று வலத்தின் மக்கள், அதாவது தென்னவர். மற்றது இடத்தின் மக்கள், அதாவது வடவர். முதல் பெயர் கிட்டத்தட்ட பென்யமீன் என்பதன் பன்மையே. இவர்கள்தாம் பின்னாளில் இஸ்ரவேலின் பென்யமீன் கோத்திரமானார்கள் என்று தொடக்கத்தில் சிலர் ஆர்வத்தோடு எழுதினார்கள். இன்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அப்படி நேரான உறவு கொண்டாடுவதில்லை. ஆனால் ஒரு கூட்டத்தாரைத் திசையால் பெயரிடும் வழக்கம் அந்த நிலப்பரப்பில் மிகப் பழையது என்பது தெளிவு. எப்பிராயீம் மலைநாட்டுக்குத் தெற்கே வாழ்ந்ததால் ஒரு கோத்திரத்துக்குத் தென்னவர் என்ற பெயர் முதலில் அமைந்திருக்கலாம். ஒரு தாயின் மரணத்தைச் சொல்லும் கதை பிறகு அந்தப் பெயரின்மேல் வந்து படிந்திருக்கலாம். வரலாறு அப்படிச் சொன்னாலும், கதையைக் கட்டியவர்களுக்கு அந்தப் பெயரை வெறும் திசையாக விட்டுவிட மனமில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

*

என் கோபத்தை அசைத்தவர் ராம்பான் என்று அறியப்படும் நாமனிதெஸ். 1194-இல் ஸ்பெயினின் ஜெரோனாவில் பிறந்தவர், மருத்துவர், 1270-இல் மறைந்தார். இந்த வசனத்துக்கு அவர் எழுதிய உரையின் சாரம் இது: யாக்கோபின் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் தாய்மார் இட்ட பெயர்களாலேயே அழைக்கப்பட்டார்கள். இவனையும் தாய் இட்ட பெயராலேயே அழைக்கத் தகப்பன் விரும்பினான். ராகேல் ‘ஓனி’ என்றதில் துயரத்தைச் சொன்னாள். யாக்கோபு அதே சொல்லில் வலிமையைக் கேட்டான். வலக்கை வலிமையின் இருப்பிடம். ஆகவே ‘என் வலிமையின் மகன்’ என்பதை ‘வலக்கையின் மகன்’ ஆக்கினான். அவன் பெயரை மாற்றவில்லை. நன்மையின் பக்கமாக மொழிபெயர்த்தான்.

தமிழ் அறிந்தவருக்கு இந்த உரை வியப்பளிக்காது. வலம் என்ற சொல்லுக்கு நம் பழைய இலக்கியத்திலும் வலப்பக்கம், வலிமை, வெற்றி என்ற பொருள்கள் உண்டு. கையும் ஆற்றலும் ஒரு சொல்லுக்குள் அடங்கும் என்பது நமக்கு விளக்கம் தேவையில்லாத உண்மை.

ராம்பான் சொன்னதையே யாக்கோபு நினைத்தான் என்று நிரூபிக்க முடியாது. வேதாகமம் காரணம் எதையும் கூறவில்லை. ஆனால் யாக்கோபு பெயரின் பாரம் அறிந்தவன். பிறக்கும்போது அண்ணனின் குதிகாலைப் பிடித்திருந்ததால் வந்த பெயர் அவனுடையது. உன் பெயரே ஏமாற்றுக்காரன் என்று சொல்கிறதே என்று அதே அண்ணன் பின்னாளில் அவனைப் பழிக்கிறான். இஸ்ரவேல் என்ற புதுப்பெயர் அவனுக்கு உறுதிசெய்யப்படுவது இதே 35-ஆம் அதிகாரத்தில், ராகேல் இறப்பதற்குச் சில வசனங்கள் முன்னால்தான். பிறப்பின் தழும்பைப் பெயராகச் சுமந்த ஒருவன், தன் மகனுக்கு அது வேண்டாம் என்று நினைத்திருந்தால் அதைப் புரிந்துகொள்ள முடியும்.

இந்தக் கதைக்கு ஒரு மறுபக்கம் சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் இருக்கிறது. உடன்படிக்கைப் பெட்டி பெலிஸ்தரிடம் பறிபோய், மாமன் ஏலியும் கணவன் பினெகாசும் ஒரே நாளில் இறந்த செய்தி கேட்டு ஒரு பெண்ணுக்குப் பிரசவம் நேர்கிறது. அங்கேயும் சூழ நின்ற பெண்கள் பயப்படாதே, ஆண்பிள்ளை என்று தேற்றுகிறார்கள். அவள் பதில் சொல்லவில்லை. மகிமை போயிற்று என்ற பொருளில் பிள்ளைக்கு இக்கபோத் என்று பெயரிட்டு இறந்துபோகிறாள். அந்தப் பெயரை வேறு விதமாகக் கேட்பதற்குத் தகப்பன் உயிரோடு இல்லை. இக்கபோத் இக்கபோத்தாகவே இருந்துவிடுகிறான். பின்னால் ஒருமுறை, வேறொருவனை இன்னாருடைய சகோதரன் என்று அடையாளம் காட்ட மட்டும் அவன் பெயர் வருகிறது. இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் படித்த இரவில் நான் அப்பாவை வேறு மாதிரி நினைக்கத் தொடங்கினேன்.

ஆனால் நல்ல பெயர் வைத்ததால் துயரம் போய்விட்டது என்று ஆதியாகமம் சொல்லவில்லை. யோசேப்பு தொலைந்த பிறகு, பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்குப் பத்துப் பிள்ளைகளை அனுப்பும் யாக்கோபு, மோசம் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் பென்யமீனை மட்டும் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறான். வலக்கையின் மகன் கண்முன்னால் துயரத்தின் மகனாகவே வளர்கிறான். பென்யமீனுக்குப் பத்துப் பிள்ளைகள் என்கிறது 46-ஆம் அதிகாரம். அந்தப் பத்துப் பெயர்களும் காணாமற்போன அண்ணனை நினைத்து இடப்பட்டவை என்பது தால்முத் மரபு. பேலா: அந்நியருக்குள் விழுங்கப்பட்டான். கேரா: அந்நிய நாட்டில் தங்கினான். உப்பீம்: என் மணப்பந்தலை அவன் காணவில்லை, அவனுடையதை நானும் காணவில்லை. ஆரேத்: இறங்கிப் போனான். தாயிடமிருந்து துயரத்தைப் பெயராகப் பெற்று, தகப்பனால் அதிலிருந்து விடுவிக்கப்பட்டவன், தன் பிள்ளைகளின் பெயர்களில் துயரத்தை மீண்டும் எழுதிவைத்தான் என்று அந்த ரபிகள் கண்டார்கள்.

பெனோனி என்ற பெயரும் அழிக்கப்படவில்லை. கதையை எழுதியவருக்கு பென்யமீன் என்ற பெயர் மட்டுமே தேவை. கோத்திரத்தின் பெயர் அதுதான். முதல் பெயரை விட்டுவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் விடவில்லை. தாய் வைத்தது ஒன்று, தகப்பன் வைத்தது ஒன்று என இரண்டையும் ஒரே வசனத்தில் எழுதிவைத்தார்.

*

அப்பாவிடம் நான் இதைக் கேட்டது அவருடைய கடைசி ஆண்டில். ஆச்சி போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வேதாகமத்தின் பின்தாளைப் பிரித்து அவர் மடியில் வைத்து, “என் பேரை மட்டும் ஏன் வேற மையில எழுதியிருக்கீங்க?” என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“ஒம் பேரு நாப்பது நாளைக்குப் பொறவு எழுதுனது.”

நான் காத்திருந்தேன்.

“உங்கம்மா கடைசியில எதாவது சொன்னாளான்னு எனக்குத் தெரியல. என்னை உள்ள விடல. கூட இருந்த நர்சம்மா மறுநாளே லீவுல ஊருக்குப் போயிட்டாங்க. விலாசம் வாங்கித் தேடிப் போனேன். ரெண்டு தடவை போயும் ஆள் இல்ல. மூணாந்தடவைதான் பாத்தேன்.”

“என்ன சொன்னாங்க?”

“பேரெல்லாம் ஒண்ணும் சொல்லலையாம். பிள்ளை அழுதுச்சான்னு கேட்டாளாம். அழுதுச்சுன்னு இவங்க சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான்.” சிறிது நேரம் கழித்து விரலால் அந்த வெற்றிடத்தைத் தொட்டார். “அவ எதாவது பேரு சொல்லியிருந்தா அதையும் எழுதணுமேன்னு ரெண்டு பேருக்கு எடம் விட்டிருந்தேன்.”

அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. முப்பது ஆண்டுகளாக எதற்காக அவர்மேல் வருத்தப்பட்டேனோ, அதற்கு நேர் மாறான ஒன்றை அவர் செய்திருந்தார். ஒரு சொல் கிடைக்குமா என்று பேருந்து ஏறி மூன்று முறை அலைந்திருக்கிறார். கிடைக்கவில்லை என்று உறுதியான பிறகே, யாக்கோபு வைத்த பெயரை எனக்கு வைத்திருக்கிறார். ராகேலின் மருத்துவச்சி ஒரு சொல்லைக் கொண்டுவந்தாள். எங்களுடையவர் கொண்டுவந்தது ஒரு கேள்வியை. பிள்ளை அழுததா என்ற அந்தக் கேள்வியில் துயரம் எவ்வளவு, வலிமை எவ்வளவு என்று என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. அப்பா இறந்த நாளை அடுத்த வரியில் நான் எழுதினேன். என் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் இடத்தில் எதையாவது எழுதலாமா என்று ஒருமுறை பேனாவைத் திறந்தேன். மூடிவிட்டேன். அது அம்மாவுக்கென்று அவர் விட்ட இடம்.